நின்றுபோன தாய்ப்பாலை மீட்க: பம்பா, குழாயா?

டெங்குக் காய்ச்சலோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் பால்மாவுக்குப் பழகிவிட்டான். வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பால் ஏறக்குறைய வற்றியிருந்தது. திரும்ப ஊற வைக்க இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, மின்சாரப் பம்ப். மற்றது, மெல்லிய குழாய் வழியே பால்மாவைக் கொடுத்துக்கொண்டே பிள்ளையை மார்பில் உறிஞ்ச விடுவது. இரண்டையும் செய்துதான் எழுதுகிறேன். நான் குழாய்க் கட்சி.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். மார்பு அடிக்கடி காலியானால் பால் ஊறும், தேங்கினால் குறையும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை உறிஞ்சலோ இழுப்போ வேண்டும். பால் ஊற வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால் அந்த வேளையையும் விடக்கூடாது.

பம்பில் நல்லது உண்டு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் 15, 20 நிமிடத்தில் முடியும். எத்தனை மில்லி வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் போத்தலின் அடிகூட நனையாது. அதைப் பார்த்தே மனம் விட்டுப்போகும்.

உண்மையான தொல்லை கழுவுவதில்தான். புனல், வால்வு, இணைப்பு, போத்தல் என்று பக்கத்துக்கு நாலைந்து சாமான். பம்ப் பண்ணிய பிறகு பிள்ளைக்குத் தனியாகப் போத்தலில் கொடுக்க வேண்டும். அந்தப் போத்தலும் கழுவுதொட்டிக்குத்தான் வரும். இழுப்பது, ஊட்டுவது, கழுவுவது என்று ஒரு வேளைக்கு மூன்று வேலை. எல்லாம் முடித்துப் படுத்தால் அடுத்த வேளை வந்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டில் அம்மா கூட இருந்ததால் சமாளித்தேன். ஆளில்லாத வீட்டில் முதலில் விடுபடுவது இரவு வேளையாகத்தான் இருக்கும். பால் ஊறுவதற்கு முக்கியமானதும் அதுதான்.

குழாயில் ஊட்டுவதும் தூண்டுவதும் ஒரே வேலை. பார்மசியில் கிடைக்கும் மெல்லிய பீடிங் டியூப் போதும். ஒரு நுனி பால்மா உள்ள கோப்பையில். மறு நுனியை முலைக்காம்பைக் கொஞ்சம் தாண்டும்படி வைத்து, மார்போடு பிளாஸ்டரால் ஒட்ட வேண்டும். பிள்ளை காம்பையும் குழாயையும் சேர்த்து வாயில் வாங்கும். கோப்பையை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் மெதுவாகும். ஒரு ஊட்டல் அரை மணி நேரம் அளவில் முடியும்படி வைத்துக்கொண்டால் நல்லது. பால்மா கட்டிபட்டால் குழாய் அடைத்துவிடும், நன்றாகக் கரைக்க வேண்டும். முடிந்ததும் சிரிஞ்சால் சோப்புத் தண்ணீரையும், பிறகு சுடுதண்ணீரையும் உள்ளே அடித்தால் சரி. கோப்பை ஒன்று, குழாய் ஒன்று. கழுவ அவ்வளவுதான்.

தொடக்கத்தில் குழாயை ஒட்ட மூன்றாவது கை வேண்டும் போலிருக்கும். மகன் குழாயை இழுத்துப் பிடுங்க, பால்மாவெல்லாம் என் நைட்டியில்தான். கிளினிக் மிட்வைஃப் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டிய பிறகுதான் கை வந்தது. பெரிய மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே நிலையங்கள் இருக்கின்றன, அங்கும் கேட்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகன் மார்பில் வாய் வைத்தான், வயதும் மூன்று மாதத்துக்குள். வாயே வைக்காத பிள்ளைக்கும், மாதம் கூடிய பிள்ளைக்கும் குழாய் எப்படி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளை மார்பைக் கண்டாலே அழுதால் பம்பும் கையால் எடுப்பதும்தான் கைகொடுக்கும்.

சாப்பாடு? அம்மா பால்சுறா வறையும் உள்ளியும் வெந்தயமும் தந்தார். ருசியாக இருந்தது, பசிக்கும் உதவியது. உறிஞ்சல் இல்லாமல் அவை தனியாகப் பால் ஊற வைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பால் கூட்டுவதற்கென்று டொம்பெரிடோன் மாத்திரை பற்றி யாராவது சொன்னால் வைத்தியரைக் கேட்காமல் போடாதீர்கள்; இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது.

எந்த வழியானாலும் பால்மாவை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, தண்ணீர் கூட்டிக் கரைக்கவும் கூடாது. துளி தெரியவே நாட்கள் ஆகும், போதிய பாலுக்கு வாரங்கள். பிள்ளையின் நிறை ஏறுகிறதா, நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று பார்த்து, சில நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் கொடுக்கும் மொத்தப் பால்மாவில் 50 மில்லி அளவில் குறைக்கலாம். நிறையை கிளினிக்கில் காட்டிக்கொண்டே செய்யுங்கள்.

பம்ப் வாங்குவதானால் இரண்டாம் கையில் தேடாதீர்கள். பல மாதிரிகளில் பால் ஈரம் மோட்டர் வரை போகும். ஒருவருக்கென்றே செய்தவை அவை. வால்வு தேய்ந்தால் இழுவை குறையும், அந்த மாதிரிக்குரிய வால்வு இங்கே கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவருக்குப் பம்ப் எப்படியும் தேவைப்படும். நானும் இப்போது கந்தோரில் பகல் ஒரு தடவை பம்ப்தான்.