பிற நெறிமுறைக் குழுவினரைக் கலந்து பேசிய ஏழு ஆண்டுகள்

மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி அளிக்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் செயலராகப் பொறுப்பேற்றது முதல், எங்களுக்குள் தீராத ஐயங்களை மற்ற நிறுவனங்களின் குழுக்களில் இதே பணியைச் செய்வோரிடம் கேட்டுத் தெளிவதை ஏழு ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும், அவர்களுள் ஒருவராவது மருத்துவ அறிவியல் துறை சாராதவராகவும் ஒருவராவது நிறுவனத்துக்கு வெளியே உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பது மருந்துச் சோதனைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டுதலின் பரிந்துரை. ஆயினும் அதே முகங்கள் ஆண்டுக்கணக்கில் கூடும்போது, ஒருவர் கவனிக்கத் தவறியதை எல்லாருமே தவறவிட்டுவிடுகிறோம்.

இரண்டாம் ஆண்டில், ஆய்வில் பங்கேற்போர் கையொப்பமிடும் ஓர் ஒப்புதல் படிவத்தில், “எஞ்சும் இரத்த மாதிரி வருங்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்படலாம்” என்ற வரி இருந்தது. அதை நாங்கள் இரண்டு கூட்டங்களில் படித்தும் கேள்வியின்றிக் கடந்திருந்தோம். வேறொரு குழுவின் மூத்த உறுப்பினரான அம்மையார், “மாதிரி யார் பொறுப்பில் இருக்கும்? எத்தனை ஆண்டு இருக்கும்? கொடுத்தவர் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று கேட்டார். மூன்றுக்கும் படிவத்தில் விடை இல்லை. மாதிரிகளைச் சேமித்துப் பயன்படுத்துவது பற்றிய சியோம்ஸ் (மருத்துவ அறிவியல் அமைப்புகளின் பன்னாட்டு மன்றம்) அமைப்பின் 2016 வழிகாட்டுதலை நான் முன்பே படித்திருந்தும், அந்த வரியோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டேன். அதன்பின் சேமிப்புக்கான ஒப்புதலைத் தனிப் பகுதியாக்கி, அதற்கெனத் தனிக் கையொப்பமும் கேட்கிறோம்.

இவ்வழக்கத்தில் குறையும் உண்டு. “நாங்கள் இதை அனுமதித்தோம்” என்று மட்டும் வரும் பதிலால் பயனில்லை. அந்தக் குழு எந்தத் தீங்கை எடை போட்டது, எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று தெரியாமல் அம்முடிவை நம் ஆய்வுக்குப் பொருத்த இயலாது.

இரகசியம் காப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒருமுறை அரிய நோய் ஒன்றைப் பற்றிய ஆய்வு குறித்துக் கேட்கையில் பெயர்களை நீக்கியிருந்தேன். ஆனால் நோயும் பங்கேற்பாளர்களின் வயதும் சேர்ந்தே அது எந்த ஆய்வு என்பதை ஒருவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன. நம்மை நம்பித் தம் உடலைப் பற்றிச் சொன்னவர்களுக்கு நான் செய்த பிழை அது, இன்றும் உறுத்துகிறது. இப்போது நோயின் பெயரையும் எடுத்துவிட்டு, சிக்கலின் வடிவத்தை மட்டுமே கேள்வியாக முன்வைக்கிறேன்.

குழு கூடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். கிடைத்த கருத்துகளைக் காரணங்களோடு உறுப்பினர்கள் முன் வைக்கிறேன். முடிவு அவர்களுடையது, கூட்டக் குறிப்பிலும் அவர்கள் சொன்ன காரணமே பதிவாகிறது.