கிளட்ச் செட்டையே மாத்தணும் என்றார்களா? முதலில் மேட்டுப்பாளையம் போய் வாருங்கள்

ஊட்டி அடிவார மேட்டுப்பாளையம் இல்லை, நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையம். டிரக் டெர்மினல் பக்கம் லாரி பாடி கட்டுகிறவர்கள், ரேடியேட்டர் கடை, வெல்டிங் பட்டறை என்று வரிசையாகப் போகுமே, அதில் ஒரு தெருவில் போர்டே இல்லாத ஒர்க்ஷாப். ஒரு பெரியவர், இரண்டு பையன்கள், ஒரு ராம்ப், தகரக் கூரை. கியர் பாக்ஸ் வேலை பார்க்கிற பெரியவர் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள்.

வண்டி, சென்னையில் ஒருவரிடம் சமீபத்தில் வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட், ஆறு கியர், மேனுவல். மாடல் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். நம்பர் பிளேட் என்னவோ பி.ஒய். 01 தான். இங்கே வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்துகொண்டிருந்த கதை தெரியும்தானே, 2017-ல் கேரளாவில் அது வழக்கு வரைக்கும் போனது. என் வண்டியும் அந்த ரகம் போலிருக்கிறது, பதிவு இங்கே என்றாலும் இந்த ஊர் பள்ளம் மேடெல்லாம் இப்போதுதான் பார்க்கிறது.

ஈசிஆரில் ஓட்டி வந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. வினை டவுனுக்குள் காத்திருந்தது. கடலூர் போய்விட்டுத் திரும்பும்போது அரியாங்குப்பத்திலிருந்து மரப்பாலம் சிக்னல் வரைக்கும் மத்தியான வெயிலில் ஊர்ந்து வந்தால் போதும், கிளட்ச் பெடல் தொளதொளவென்று ஆகிவிடும், முதல் கியர் விழாது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல்லைக் கடிக்கும். பெடலை வேகவேகமாக இரண்டு மூன்று தடவை மிதித்தால் கொஞ்சம் தெம்பு வந்து கியர் விழும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக ஓடும்.

முதலில் காட்டிய இடம் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், ஃப்ளைவீல் எல்லாம் மாற்ற வேண்டும், லேபரோடு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்று எஸ்டிமேட் கையில் வந்தது. வண்டிக்கு அடியில் ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பழைய வண்டி, ஸ்போர்ட்ஸ் கார், அப்போ பிளேட் போயிருக்கும், அவ்வளவுதான் அவர்கள் போட்ட கணக்கு.

பெரியவர் சாவியை வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்வி இது: "கியர் விழலையா, இல்ல விழுந்தும் வண்டி இழுக்கலையா தம்பி?" கிளட்ச் தகராறில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது. விழுந்தும் இழுக்கவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. விழவே இல்லை என்றால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை, அதற்குப் பிளேட்டைவிட, பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளிப் பிரிக்கிற ஹைட்ராலிக் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டியது.

அதற்காக என் வாய்வார்த்தையை அப்படியே நம்பிவிடவும் இல்லை. வில்லியனூர் ரோட்டில் காலியாக இருக்கும் நேரம் பார்த்து ஓட்டச் சொன்னார். நாலாவது கியர், குறைந்த வேகம், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்து என்றார். பிளேட் தேய்ந்திருந்தால் ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போகும், வேகம் பின்னாலேயே நிற்கும், கருகிய வாடையும் வரலாம். எனக்கு இரண்டு முள்ளும் ஒன்றாகவே ஏறின. பிளேட் நல்லா பிடிக்குது என்று சொல்லிவிட்டார். ஷெட்டுக்கு வந்து நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், காலை எடுத்தால் சத்தம் வந்து மிதித்தால் அடங்கிவிட்டால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படணுமாம். இதில் இரண்டுமே இல்லை.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார். கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் (பிரேக்குக்கு ஊற்றுகிற அதே பிரேக் ஆயில்தான்) கறுத்துப்போய், மினிமம் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பிளேட் தேய்ந்ததால் குறைந்திருக்குமோ என்று கேட்டேன், பிரேக்கில் அப்படித்தானே. சிரித்தார். பிரேக் பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வரும், அதனால் டப்பாவில் ஆயில் இறங்கும். இந்த மாதிரி ஹைட்ராலிக் கிளட்சில் நேர் எதிர், பிளேட் தேயத் தேய சிலிண்டர் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும், மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது.

எங்கே என்று பார்க்க, பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ராடு வருகிற இடத்தில் விரலை விட்டுத் தடவினார், காய்ந்திருந்தது. ராம்ப்பில் ஏற்றினால், கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் அடியில் ஈரம். அது கியர் ஆயிலாகவும் இருக்கலாமே? டீ கிளாசில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, விரலில் தொட்டதை அதில் சொட்டினார். கியர் ஆயில் என்றால் மேலே மிதக்கும். இது கரைந்து போய்விட்டது. பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும் என்று எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு இந்த யோசனை வரும்?

இந்த வண்டியில் அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இல்லை, கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றி வளையம் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பேரிங்கும் அதோடு சேர்ந்தது. சூடு ஏறுகிற இடம். போதாததற்கு பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். கொதித்துக் குமிழ் வந்தால் பெடல் தொளதொளத்துவிடும். கடல் ஓரத்து ஊரில் வருஷக்கணக்காக ஆயில் மாற்றாத வண்டிக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. இறக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிளேட்டைக் காட்டினார், ரிவெட்டுக்கு மேலே சதை பாதிக்கு மேல் இருந்தது, ஃப்ளைவீலில் சூட்டில் நீலம் பாய்ந்த இடம் இல்லை, பிரஷர் பிளேட் விரல்கள் ஒரே மட்டத்தில். இறக்கினது இறக்கியாச்சு, பிளேட்டையும் மாத்திடலாமா என்று நானே கேட்டேன். இது இன்னும் நல்லா ஓடும், காசை வேஸ்ட் பண்ணாதே என்றார். அவர் சரி என்றிருந்தால் கொடுத்திருப்பேன். சிலிண்டர் மட்டும் புதிது, பைப்பையெல்லாம் கழுவி டாட் 4 ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார். பெரிய சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார். பார்ட்ஸை நீங்கள்தான் தேடிக் கொண்டுவர வேண்டும், எனக்கு அது வந்து சேர்வதற்குள் வண்டி தூசியில் குளித்துவிட்டது. பில் என்பது நோட்டிலிருந்து கிழித்த ஒரு பேப்பர், இன்ஷூரன்ஸ், வாரண்டி என்று பார்க்கிறவர்களுக்கு உதவாது. அமாவாசை அன்று பூசணிக்காய் உடைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். பையன்களில் ஒருவன் கிரீஸ் கையோடு சீட்டில் உட்கார்ந்த தடம் இன்னும் போகவில்லை. வேலை முடிந்து வண்டி எடுத்த புதிதில் பெடல் கொஞ்சம் தாழ்வாகவே பிடித்தது, திரும்பக் கொண்டுபோனேன், மறுபடியும் ஏர் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மரப்பாலம் சிக்னலில் இப்போது கியர் தானாக விழுகிறது, சிக்னல்தான் விழ மாட்டேன் என்கிறது.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், கடை வாசலில் வாய்க்கால் ஸ்லாப் உயரம். தாழ்வான வண்டி என்றால் நேராக ஏற்றாமல் குறுக்கே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முன் பம்பர் உரசும்.