ஆற்றில் உப்பு ஏறினால்: அணைநீரா, தடுப்பணையா, சவ்வு ஆலையா?

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். வினாடிக்குக் கிட்டத்தட்ட 13 கனமீட்டர். வறண்ட காலத்தில் இவ்வளவையும் உறிஞ்சிவிட்டால், கடலை எதிர்த்துத் தள்ள ஆற்றில் போதிய ஓட்டம் மிஞ்சாது, உப்பு மேலேறிவிடும்.

அது ஏறும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கடல்நீர் கனமானது. மேலே நன்னீர் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அடியில் உப்புநீர் ஆப்பாக நுழைந்து எதிர்த்திசையில் நகரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினாலே கரிப்பு நாக்கில் தெரியத் தொடங்கும். ஆக, 75 லிட்டர் ஆற்றுநீரில் ஒரு லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே கதை முடிந்தது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுகிறோம், கசடைப் படியவைக்கிறோம், மணலில் வடிகட்டுகிறோம், குளோரின் சேர்க்கிறோம்; இவற்றில் எதுவும் கரைந்த உப்பைத் தொடாது. பம்பை நிறுத்திவிட்டு உப்பு இறங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நிலையைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, மேலிருந்து நீர் திறப்பது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் அதற்காகவே கட்டப்பட்டது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடிக் குழாய் கிடையாது. திறந்துவிடும் நீர் ஆற்றோடு வந்து, எடுக்கும் அளவையும் ஈடுகட்டி உப்பையும் கீழே நிறுத்தும். ஆற்றின் இயல்பு கெடாத முறை இது. ஆனால் அணைநீர் கீழே வந்துசேர நேரம் பிடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய கடல் ஏற்றத்துக்கு முன்பே கணக்குப் போட்டுத் திறக்க வேண்டும். உப்பு தெரிந்தபிறகு திறந்தால் காலம் கடந்துவிடும். இதைவிடப் பெரிய குறை, உப்பு ஏறவைக்கும் அதே வறட்சிதான் அணையையும் வற்றவைக்கிறது. 2016 அக்டோபரில் லிங்கியூவின் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த நிலையில், கடலைத் தள்ளுவதற்கென்றே அனுப்பும் ஒவ்வொரு கனமீட்டரும் வலிக்கும்.

அந்த விரயத்தைத்தான் தடுப்பணை மிச்சப்படுத்துகிறது. ஆற்றின் குறுக்கே கதவு வைத்தால் உப்பைத் தள்ள நீரோட்டம் தேவையில்லை. ஜொகூர் ஆற்றிலும் அப்படியொரு தடுப்பணை கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரர்களுக்குப் பழக்கமானது 2008இல் திறந்த மரீனா அணைக்கட்டு: 350 மீட்டர் அகலக் கால்வாயில் ஒன்பது எஃகுக் கதவுகள். கடல் வற்றியிருக்கும்போது கனமழை பெய்தால் கதவுகள் சாய்ந்து நீரை வெளியேற்றும். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்க முடியாது, திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு ராட்சதப் பம்புகள் நீரை இறைக்கும். பம்பு இல்லாத தடுப்பணையில், கடல் ஏற்றமும் அடைமழையும் ஒரே வேளையில் வந்தால் மேல்கரை மூழ்கும். செலவைக் குறைக்க பம்பை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது.

கதவை மூடிய மறுநாளே நீர் நன்னீராகிவிடாது. மரீனாவில் மழைநீர் பழைய உப்பை வெளியேற்றி முடிக்க 2010 நவம்பர் ஆனது. சாயும் கதவுக்கு மேலாக வழிவது மேல்மட்ட நன்னீர்தான். ஆழமான குழிகளில் தங்கிய உப்புநீர் அடியிலேயே கிடந்து, ஆக்ஸிஜன் தீர்ந்து நாற்றமெடுக்கும். அடிமட்ட மதகோ உறிஞ்சுகுழாயோ வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, மூடியே வைக்கும் சபலம். கேரளத்துக் குட்டநாட்டில் நெல்லைக் காக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை உப்பை நிறுத்தியது. ஆனால் மூடிய மாதங்களில் நீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டியது, மீனும் கக்கா எனும் சிப்பியும் குறைந்தன. ஜொகூர் ஆற்றங்கரையின் கோத்தா திங்கி உணவகங்களில் பேர்போன ‘ஊடாங் காலா’ இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்வது நன்னீரில், குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். சினையிறால் கீழே இறங்கவும் குஞ்சு மேலே ஏறவும் வழியில்லாவிட்டால் அந்த இனம் ஆற்றைவிட்டே போய்விடும்.

சவ்வு ஆலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஆற்றைக் காப்பதில்லை. வரும் நீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்தெடுக்கிறது. மரீனா ஈஸ்ட் ஆலை வறண்ட நாளில் கடல்நீரையும் மழைநாளில் நீர்த்தேக்க நீரையும் சுத்திகரிக்கும். நாளுக்கு 3 கோடி கேலன். வறட்சி அதைத் தொடாது. மின்சாரம்தான் தலைவலி: கடல்நீர் என்றால் கனமீட்டருக்குச் சுமார் 3.5 யூனிட், வழக்கமான சுத்திகரிப்புக்குச் சுமார் 0.2 யூனிட்தான். நீரின் உப்பு குறையக் குறையத் தேவையான அழுத்தமும் குறைவதால், இருவகை நீரையும் ஏற்கும் ஆலைதான் லாபம்.

நீர் எடுக்கும் ஆற்றுக்கு எங்கள் தேர்வு தடுப்பணை. லிங்கியூ நீரை அதற்குப் பின்பலமாக, எடுக்கும் நீரை ஈடுகட்ட மட்டும் செலவிடலாம். தடுப்பணை நீரை உண்டாக்காது என்பதால் மேலணையைக் கைவிட முடியாது. சவ்வு ஆலை, இரண்டும் கைவிடும் ஆண்டுகளுக்கு.

எந்த வழியானாலும் நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை மேற்பரப்பில் மிதக்கவிடுவதில் பயனில்லை. உறிஞ்சுகுழாயின் ஆழத்தில் ஒன்று, ஆற்றின் அடியில் ஒன்று, கீழே சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று வேண்டும். கீழ்மானியின் அடிமட்ட அளவு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உயர்ந்துகொண்டே போனால், மேலே நீர் தித்திப்பாக இருந்தாலும் மேலணைக்கு உடனே சொல்லிவிட வேண்டும். மாதமொரு முறை மானியின் பாசியைத் துடைக்காவிட்டால் அது உப்பைக் குறைத்தே காட்டும்.