சளி உறிஞ்சும் கருவி: வாடகைக்கு எடுத்து ஐந்து வாரம்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இனி வீட்டிலேயே நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்று முடிவானபின் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த பொருள் இதுதான். தொண்டையில் கபம் கட்டிக் கொரகொரவென்று கேட்கத் தொடங்கிய இரவின் மறுநாள், பயத்தில் எடுத்தது.

கருவி தன் வேலையைச் செய்தது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடியது. ஜாடியில் அளவுக்கோடுகள் தெளிவு. ஒரே நாளில் 100 மில்லியைத் தாண்டியதை மருத்துவரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. (குழாய் அலசிய தண்ணீரைக் கழித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கழிக்காமல் சொல்லிக் கலவரப்படுத்தினேன்.) சத்தம்தான் தாங்காது. பணிமனையில் காலம் கழித்த அப்பா, படுத்தபடியே கேட்டுவிட்டு, "பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றித் தரச் சொல்" என்றார். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஆனால் இந்தக் கருவியை நம்பி எட்டக்கூடியது வாய்வரைதான். அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. நான் குழாயைத் தொண்டைக்குள் இறக்கப் போனபோது, வீட்டுக்கு வந்த செவிலியர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆழமாக விட்டால் குமட்டும், ரத்தம் கசியும், உறுத்தலில் சளி இன்னும் ஊறும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், அதுவும் 10 வினாடிக்குள். பிறகு அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கடைவாய்க்குக் கீழே மடித்த துண்டு. சற்று நேரத்தில் கபம் தானாகவே வழிந்து துண்டு கனத்துப்போனது. நான் அரை மணி நேரம் மல்லாடியும் ஜாடிக்கு வராத அளவு அது.

கிளைகோபைரோலேட் என்ற மருந்தும் கொடுத்தார்கள். புதிதாக ஊறுவதைத்தான் அது குறைக்கும், தேங்கியதை வற்ற வைக்காது. ஆகவே கொரகொரப்பு தொடங்கியதுமே சொல்லிவிட வேண்டும் என்றார் மருத்துவர். அந்த மருந்தால் வாய் காய்ந்தது. ஈரப் பஞ்சு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கடைசி இரண்டு நாள் அப்பாவுக்கு நினைவில்லை. சத்தம் மட்டும் அறை முழுக்க. "நெற்றி சுருங்குகிறதா பாருங்கள். இல்லையே. இது அவரை வருத்தவில்லை, உங்களைத்தான்" என்றார் செவிலியர். அந்த இரண்டு நாளும் கருவியைப் போடவில்லை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். எடுப்பதாக இருந்தால் கூடுதலாக ஒரு ஜாடி கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஓடவிட்டுக் காது கொடுங்கள். அந்தப் பேரிங்கை இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள்.