தனி நாடா, இருந்தபடியே அதிகாரமா: நான்கு வழிகளும் ஒரு அளவுகோலும்

ராயபுரத்துக்குத் தனி நாட்டுப் பேச்சு புதிதில்லை. 1949 செப்டம்பர் 18 அன்று ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தபோது திராவிட நாடுதான் அந்தக் கட்சியின் குறிக்கோள். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே அண்ணா தன்னுரிமை கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தது, 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்று ஆனது, கட்சியும் பிரிவினையைக் கைவிட்டது. ஆகவே இங்கே அது வாக்குச்சீட்டில் வரப்போகிற விஷயம் இல்லை. ஆனாலும் ஸ்காட்லாந்து, கேட்டலோனியா, ஈழம் என்று எது செய்தியில் அடிபட்டாலும் எங்கள் பக்கத்து டீக்கடையில் அதே கேள்வி எழும்: "ஓட்டு வெச்சா ஜனங்க தனி நாட்டுக்குப் போடுவாங்களா, மாட்டாங்களா?"

எந்த வழியில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மத்திய அரசே ஒப்புக்கொண்டு நடத்துகிற வாக்கெடுப்பு ஒரு வழி. யார் ஒப்புதலும் இல்லாமல் தாங்களே அறிவித்துவிடுவது இன்னொன்று. தலைவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வது மூன்றாவது. பிரியாமல் இருந்தபடியே அதிகாரத்தைக் கேட்டு வாங்குவது நான்காவது. இந்த நான்கையும் ஒப்பிட எல்லாரும் கையில் எடுப்பது பொருளாதாரத்தை. நாணயம் என்ன ஆகும், கடனை யார் கட்டுவது, அப்படி. நான் வேறு ஒன்றைக் கையில் எடுக்கிறேன்: கொடி ஏறிய மறுநாள் காலையில் குடிமக்கள் பதிவேட்டில் யார் பெயர் இருக்காது?

இதை எடுக்கக் காரணம் நான் வாழும் இடம். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றது, 1962இல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கொஞ்சம் சாமானோடு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிற எல்லாருக்கும் இந்தக் கதையின் ஒரு நுனி தெரியும். இலங்கையும் அதே 1948இல் சுதந்திரம் பெற்றது, அந்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது, பிறகு 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்கள் அதற்கு அடுத்த அத்தியாயம். பர்மாக்காரர்களுக்கோ இலங்கைக்காரர்களுக்கோ சுதந்திரம் கேட்கும் உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயமாக இருந்தது. ஆனால் ஒரு புது நாடு பிறக்கும்போது வெளியே விழுகிறவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

சரி, முதல் வழி. ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பு எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமாக நடந்த ஒன்று. லண்டனும் எடின்பரோவும் 2012இலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. யார் வாக்காளர் என்பதில்தான் அழகு: பிறப்போ வம்சமோ கணக்கில் இல்லை, அங்கே வசிக்கிறவர்தான் வாக்காளர். கிளாஸ்கோவில் குடியிருந்த காமன்வெல்த் நாட்டுக்காரர் ஓட்டுப் போடலாம், அதனால் முறையாக அங்கே தங்கியிருந்த இந்தியரும் போடலாம். லண்டனில் வேலை பார்த்த அசல் ஸ்காட்லாந்துக்காரர் போட முடியாது. 16 வயதுக்காரர்களுக்கும் ஓட்டு. 84.6 சதவீதம் பேர் வந்தார்கள், 55.3 சதவீதம் வேண்டாம் என்றார்கள். பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று லண்டன் சொன்னது, ஓய்வூதியம் என்ன ஆகுமோ என்ற பயம், கடைசி நாட்களில் கூடுதல் அதிகாரம் தருகிறோம் என்று கட்சித் தலைவர்கள் கொடுத்த வாக்கு, எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. ஒரு குறையும் சொல்ல வேண்டும். "பிரிய வேண்டாம், ஆனால் அதிகாரம் நிறைய வேண்டும்" என்ற மூன்றாவது பதிலைச் சீட்டில் சேர்க்க அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் சம்மதிக்கவில்லை. அது இருந்திருந்தால் நிறைய பேர் அங்கேதான் போய் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்த வழியின் பலவீனமும் அப்புறம் தெரிந்தது: 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதம் இல்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சாவி எப்போதும் எதிர்த்தரப்பின் கையில்தான்.

கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கைப் பக்கத்தில் வைத்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. 1995 அக்டோபர் 30 அன்று 93 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு, வேண்டாம் என்பது 50.58, வேண்டும் என்பது 49.42. அன்று இரவு தோல்வியை ஏற்றுப் பேசிய முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் வேற்றினத்தார் ஓட்டும்தான் எங்களைத் தோற்கடித்தன என்றார், மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு வாக்கியம்தான், ஆனால் புது நாடு அமைந்திருந்தால் குடியேறிவந்தவர்களை எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்று அது காட்டிவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால் வட கியூபெக்கின் கிரீ பழங்குடியினர் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் நிலத்தை கனடாவிலிருந்து பிரிக்கக் கூடாது என்று 96 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். தனக்குத் தன்னுரிமை வேண்டும் என்று கேட்கிறவர், தனக்குள்ளே இருக்கும் சிறுபான்மை அதே தன்னுரிமையைக் கேட்டால் என்ன பதில் சொல்வார்? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்ன இயக்கங்கள் குறைவு.

இரண்டாம் வழி, தாங்களே அறிவிப்பது. ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 2017 அக்டோபர் 1 அன்று நீதிமன்றத் தடையை மீறி நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதம் ஆதரவு, ஆனால் வந்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான், ஏனென்றால் எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் வரவே இல்லை. போலீஸ் வாக்குச்சாவடிக்குள் புகுந்து அடித்தது. அக்டோபர் 27 அன்று பிரகடனம், அன்றே மாட்ரிட் நேரடி ஆட்சிக்கு உத்தரவு போட்டது. எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, தலைவர்கள் சிலர் 2019இல் 9 முதல் 13 ஆண்டு வரை சிறைத் தண்டனை பெற்று 2021இல் மன்னிக்கப்பட்டார்கள். செர்பியாவிலிருந்து பிரிவதாகக் கொசோவோ 2008இல் அறிவித்தது, அறிவித்ததே சர்வதேசச் சட்டத்தை மீறியதாகாது என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது, இருந்தும் ஐ.நா.வில் இடம் இல்லை. சோமாலியாவிலிருந்து பிரிவதாகச் சோமாலிலாந்து 1991இல் அறிவித்தது. சொந்த நாணயம், சொந்த கடவுச்சீட்டு, தேர்தல் நடத்தி ஆட்சி மாற்றம் எல்லாம் உண்டு, 30 ஆண்டு தாண்டியும் ஐ.நா. உறுப்பினர் ஆக முடியவில்லை. அறிவிப்பது ஒரு நாள் வேலை, அடுத்தவர் ஏற்பது தலைமுறை வேலை.

சரி, இந்த வழியில் ஜெயித்தவர்கள்? ஸ்லோவேனியாவைச் சொல்வார்கள். 1990 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், பதிவு செய்த மொத்த வாக்காளர்களிலேயே 88 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றார்கள், 1991இல் பத்து நாள் போர், அடுத்த ஆண்டே ஐ.நா. உறுப்பினர். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது என்று தோன்றும். ஆனால் என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வாக்கெடுப்புக்கு முன்னால், யூகோஸ்லாவியாவின் மற்ற குடியரசுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் விரும்பினால் குடியுரிமை உண்டு என்று வாக்குக் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு விண்ணப்பிக்க ஆறு மாதம் தந்தார்கள். விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் என்று 25,000க்கும் மேற்பட்டவர்களை 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். பலருக்கு நீக்கியதே தெரியாது, ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டையைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. வேலை போனது, மருத்துவக் காப்பீடு போனது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2012இல், 20 ஆண்டு கழித்து. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போய் அலைகிறவர்களைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த அலைச்சலின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வழி பாகப்பிரிவினை. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று இரண்டானது. வாக்கெடுப்பே கிடையாது. அன்றைய கருத்துக்கணிப்புகளில் இரு பக்கமும் பெரும்பாலானோர் பிரிவை விரும்பவில்லை, செக் பிரதமர் வாட்சிலாவ் கிளவுசும் ஸ்லோவாக் பிரதமர் விளாதிமிர் மெசியாரும் பேசி முடித்துவிட்டார்கள். சொத்து மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று. பொது நாணயம் ஆறு வாரம் கூடத் தாங்கவில்லை, பிப்ரவரியிலேயே பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு நாணயமாக்கினார்கள். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை, அது பெரிய விஷயம். அங்கேயும் ஸ்லோவாக்கியா வழிவந்த ரோமா மக்கள் நிறைய பேர் செக் குடியுரிமை கிடைக்காமல் தவித்தார்கள். சிங்கப்பூரும் இந்த வகைதான். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து அது பிரிந்தது மக்கள் ஓட்டுப் போட்டு அல்ல. "சிங்கப்பூர் மாதிரி ஆகலாமே" என்று பேசுகிறவர்கள், ஜோகூர் தண்ணீருக்காக 1962இல் போட்ட, 2061 வரை செல்லுபடியாகும் ஒப்பந்தத்தைப் பிரியும்போதே அது கையெழுத்துப் போட்டு உறுதி செய்துகொண்டதையும் பார்க்க வேண்டும். 1983 ஒப்பந்தப்படி ஆந்திரா வழியாக வரும் கிருஷ்ணா நீரைக் குடிக்கும் ஊர் நம்முடையது. ஆனால் பதிவேட்டுக் கேள்வியில் சிங்கப்பூருக்கு நல்ல மதிப்பெண் தருவேன், தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது.

இங்கே ஈழத்தைச் சொல்லாமல் தாண்டினால் அது நேர்மை இல்லை. தனித் தமிழீழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம், அதை முன்வைத்து 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்றது, அது மக்கள் ஆணைதான். பதிலுக்கு 1983இல் ஆறாவது திருத்தம் பிரிவினை பற்றிப் பேசுவதையே குற்றமாக்கியது. ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடைத்த வாக்குச்சீட்டு யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை, கேட்கும் வாயையே அடைத்த பிறகு மிஞ்சியது போர்தான், அது 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதையும் அதே பதிவேட்டுக் கேள்வியில் வைத்துத்தான் ஆக வேண்டும். தமிழ் பேசியவர்கள், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் வீட்டைக் காலி செய்ய அவர்களுக்குச் சில மணி நேரம்தான் கிடைத்தது.

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வரலாம். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பேசவும் கொடுக்கவும் தயாராக இருந்த அரசின் கீழ் ஸ்காட்லாந்து வேண்டாம் என்றது, கியூபெக் இரண்டு முறை வேண்டாம் என்றது. ராணுவம் அனுப்பப்பட்ட இடங்களில் கிழக்குத் திமோர் 1999இல் 78.5 சதவீதம் வேண்டும் என்றது, தெற்கு சூடான் 2011இல் 98.8 சதவீதம், பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவு 2019இல் 98 சதவீதத்துக்கு மேல். பூகன்வில் சீட்டில் "கூடுதல் தன்னாட்சி" என்ற பதிலும் இருந்தது, உள்நாட்டுப் போரைப் பார்த்த மக்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செர்பியாவிலிருந்து பிரிந்த மான்டினீக்ரோ போல 2006இல், பிரியத் தேவையான 55 சதவீத வரம்பை 55.5 எடுத்து மயிரிழையில் தாண்டிய விதிவிலக்கும் உண்டு. ஆனாலும் மொத்தத்தில் மக்கள் தனி நாடு கேட்பதை முடிவு செய்வது தலைநகரம் அவர்களை நடத்திய விதம்தான். தெற்கு சூடானில் சுதந்திரம் வந்து இரண்டரை ஆண்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதனால் அந்த 98.8 பொய்யாகிவிடாது.

திராவிட நாட்டுக் கோரிக்கை திரும்ப எழாமல் போனதும் இதனால்தான் என்பது என் கருத்து. 16ஆவது திருத்தம் வாயை அடைத்தது, மனத்தை மாற்றியது அது அல்ல. 1965 மொழிப் போருக்குப் பிறகு 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடர வழி செய்தார்கள், 1967இலேயே ஆட்சியும் கைக்கு வந்தது, 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. டெல்லி வளைந்தது, இங்கே சூடு தணிந்தது. அதற்குப் பிறகு நாம் போனது நான்காம் வழியில்: 1969இல் மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு, 1974இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம், அதே ஆண்டு சுதந்திர நாளில் முதல்வர்கள் கொடியேற்றும் உரிமை, 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. இதைப் பாதி வழியில் நின்றவர்களின் சமாதானம் என்று கேலி செய்கிறார்கள். பின்லாந்துக்குள் இருந்துகொண்டே சுவீடிஷ் மொழியோடும் சொந்தச் சட்டமன்றத்தோடும் 1920களிலிருந்து வாழும் ஓலாந்து தீவுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. இந்த வழியில் யார் பெயரையும் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் டெல்லியிலிருந்து கோட்டை வரை வந்த அதிகாரம் எண்ணூர் வரை வர வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். பெரிய துறைமுகங்கள் மத்திய அரசின் பொறுப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது, அனல்மின் நிலையங்களில் இரண்டு பேருக்கும் பங்கு. அங்கே குடியிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மாநில உரிமையை இவ்வளவு பேசும் ஊரில்தான் 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓட்டினார்கள். அதனால் குரியன் ஜோசப் குழு பற்றிய செய்தி எதைப் படித்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: வார்டு கவுன்சிலருக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமாக வரியும் மறுக்கும் அதிகாரமும் உண்டா, இல்லை எல்லாம் கோட்டையோடு நின்றுவிடுகிறதா?