காட்டுப்புல் கலந்து வந்த தினை விதை: 50 கிராம் பொட்டலம் குறித்த மதிப்புரை

நாட்டு விதைகளை இணையவழியில் விற்கும் ஒரு நிறுவனத்திடம் ‘நாட்டுத் தினை’ என்ற பெயரில் 50 கிராம் பொட்டலம் வாங்கி, ஆடிப்பட்டத்தில் வீட்டின் பின்புறமுள்ள செம்மண் நிலத்தில் விதைத்து, அறுவடையும் முடித்துவிட்டேன். முளைப்பில் குறையில்லை, கதிர்களும் ஓரளவு நன்றாகவே பிடித்தன. ஆயினும் இந்தப் பொட்டலத்தை வாங்கும்படி யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினையோடு கூடவே வந்து சேர்ந்த காட்டுப்புல்தான் அதற்குக் காரணம்.

முதலில் உறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தடித்த காகித உறை, ஈரம் புகாத உட்பை, அழகான கதிர்ப் படம் என்று தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், ‘ஐந்து சென்ட் நிலத்துக்குப் போதுமானது’ என்று அதில் அச்சிட்டிருப்பது பொருந்தாத கணக்கு. வரிசை விதைப்பில் எக்டருக்கு 10 கிலோ என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. அதன்படி ஒரு சென்ட்டுக்கே ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். உறையை நம்பி ஐந்து சென்ட்டில் தூவுகிறவருக்குப் பயிரைவிட வெற்றிடமே மிகுதியாகக் கிடைக்கும், அந்த வெற்றிடத்தைக் களை நிரப்பிக்கொள்ளும்.

உள்ளே வைத்திருந்த சாகுபடிக் குறிப்பு பாதி பயனுள்ளது. ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக் கூடாது, தண்ணீர் தேங்கக் கூடாது என்பவை சரியான அறிவுரைகளே. ஆனால் தொழு உரம் பற்றி ஒரு வரி கூட இல்லை. சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய எரு இட்டு உழுத நிலத்துக்கும் இடாத நிலத்துக்கும் கதிரின் நீளத்திலேயே வேறுபாடு தெரியும். வரிசைக்கு வரிசை 25 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி கிடைக்கும்படி மூன்றாம் வாரத்தில் நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும் என்பதையும், விதைப்பு பிந்தினால் குருத்து ஈ தாக்கி நடுக்குருத்து காய்ந்துபோகும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. புதிதாகப் பயிரிடுபவருக்கு அவசியமாகத் தெரிய வேண்டியவை இவையே.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். நாற்றுப் பருவத்தில் தினையையும் அதன் காட்டு உறவுகளையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். கதிர் வெளிவரும்போதுதான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தினைக் கதிர் மணி முற்ற முற்றக் கனத்து வளையும். என் பாத்தியிலோ அதற்கு முன்பாகவே ஆங்காங்கே மெலிந்த, விறைப்பான, மஞ்சள் மயிர் அடர்ந்த கதிர்கள் நிமிர்ந்து நின்றன. தாவரவியலில் செட்டாரியா பூமிலா எனப்படும் புல் அது. இன்னொரு வகைக் கதிரை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் சொரசொரவென்று தடுத்தது. மயிரின் முட்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பதே அதற்குக் காரணம். கதிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும், வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவதும் அதனால்தான். இது செட்டாரியா வெர்டிசில்லேட்டா. ஓரிரண்டு செடி என்றால் பாத்தியில் முன்பே கிடந்த விதை என்று விட்டிருப்பேன். ஆனால் இவை வரிசை பிசகாமல், நான் விதை போட்ட கோட்டிலேயே முளைத்திருந்தன. பொட்டலத்தில் மீந்திருந்த விதையை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தபோதும் அதே புல் மணிகள் அகப்பட்டன.

கலப்பு ஒரு பருவத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. தினையின் மூதாதையான செட்டாரியா விரிடிஸ் என்னும் காட்டுப்புல்லை வட சீன மக்கள் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கினார்கள். முற்றிய மணி உதிராமல் கதிரிலேயே தங்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து வந்ததே அந்த மாற்றத்தின் அடிப்படை. காட்டு இனங்களுக்கோ உதிர்வதுதான் பிழைப்பு: நாம் அரிவாள் எடுப்பதற்குள் அவை மண்ணில் விழுந்துவிடுகின்றன. விழுந்தவை உடனே முளைப்பதுமில்லை. புதிதாக உதிர்ந்த விதைக்கு உறக்கநிலை உண்டு. எனவே அவை தவணை தவணையாக, அடுத்தடுத்த பட்டங்களிலும் தலைகாட்டும்.

இதைப் புகைப்படங்களுடன் நிறுவனத்துக்குத் தெரிவித்தபோது, ‘இயற்கை விதையில் இயற்கையான கலப்பு இருக்கத்தான் செய்யும்’ என்று பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சான்று பெற்ற தினை விதைக்கு 97 விழுக்காடு தூய்மையும் 75 விழுக்காடு முளைப்புத் திறனும் குறைந்தபட்ச அளவுகள். நாட்டு ரகம் என்பதால் சான்று பெறவில்லை என்றாலும், முளைப்புத் திறன், தூய்மை, பரிசோதித்த நாள் ஆகியவற்றை உறையில் அச்சிடலாமே! இந்த உறையில் அந்த மூன்றும் இல்லை; ‘நஞ்சில்லா விதை’ என்ற வாசகம் மட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் முளைப்புக்காக. நாட்டு ரகம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள், வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்றுக்கு அடையாளமான நீல அட்டையுள்ள விதை இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. இதே பொட்டலத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் விதைக்கும் முன் ஒரு கைப்பிடியைத் தாளில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: தினை மணி வழவழப்பாக மின்னும், பூமிலாவின் மணி சற்றுப் பெரிதாக, குறுக்கே சுருக்கங்கள் விழுந்ததாக இருக்கும். விதைத்து முடித்தவர்கள் அடுத்த பட்டத்தில் அதே பாத்தியில் தினையைத் தவிர்த்து உளுந்து போடலாம். அகன்ற இலைகளுக்கு நடுவே புல் எது என்று தேட வேண்டியிராது, கதிர் தள்ளும் முன்பே வேரோடு பிடுங்கிவிடலாம்.