ஆய்லர் கையில் சிக்கிய இரண்டு எண்கள்

இரண்டும் பத்திலக்கம், இரண்டும் 7-இல் முடிபவை. 4,29,49,67,297 என்பது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. இது பகா எண் என்றே பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417. இதன் காரணிகளை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது அவரே பின்னர் நிறுவிய விதி. அந்த வழியில் போனால் 193, 257, 449, 577 ஆகிய பகா எண்கள் தோற்று, ஐந்தாவதாக 641 மாட்டிக்கொள்கிறது. ஐந்தே வகுத்தல்!

2,14,74,83,647 என்பது 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தது. இது மசியவில்லை, பகா எண்தான் என்று 1772-இல் அதே ஆய்லர் நிறுவினார். 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் ஒரு நிறைவெண்ணும் (தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும். கணினியில் குறியுடைய (நேர், எதிர் இரண்டையும் கொள்ளும்) 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு என்பதால் நிரலர்களுக்கு இது பழகிய முகம். எனக்கென்னவோ, உடைந்துபோன முதல் எண்ணின் மீதுதான் பிரியம் அதிகம்.